பதினைந்து மில்லி

இதயத்திலிருந்து மேலேறும் ரத்தத்தில் ஒரு பங்கு கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளுக்குள் புகுந்து போகிறது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டு தமனிகள். ஆறு எலும்புகளின் துளைகளைத் தாண்டி மண்டைக்குள் நுழைந்ததும் மூளைத்தண்டின் முன்னால் இரண்டும் கூடி பேசிலார் என்ற ஒரே தமனியாகின்றன. அதிலிருந்து பிரியும் மேல் சிறுமூளைத் தமனி, சிறுமூளையின் ஆழத்தில் இருக்கும் டென்டேட் என்னும் நரம்பணுத் திரளுக்கு மெல்லிய கிளைகளை அனுப்புகிறது. நாம் பின்தொடரப் போகும் ரத்தக்கட்டி பெரும்பாலும் இந்தக் கிளைகளில் ஒன்று உடைவதால்தான் பிறக்கிறது.

பிறப்பதற்குப் பத்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதற்கான வேலை தொடங்கிவிடும். உயர் ரத்த அழுத்தம் பெரிய தமனிகளை அடிப்பதைவிட இந்தச் சிறு கிளைகளை மோசமாக அடிக்கிறது. சுவரில் இருக்கும் தசை இழைகள் செத்து, அந்த இடத்தில் விறைத்த, நொறுங்கும் பொருள் படிகிறது. ஆங்காங்கே சுவர் மெலிந்து புடைக்கிறது. பாரிஸில் ஷார்கோ, புஷார் என்ற இரு மருத்துவர்கள் 1868இல் இந்த நுண்ணிய புடைப்புகளை விவரித்தார்கள். இவ்வளவும் நடக்கையில் அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது. தலைவலிகூட இருக்காது.

அந்த மனிதர் வெள்ளகோவில் பக்கத்தில் தறி ஓட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. குறிப்பிட்ட ஒருவரை நினைத்து இதைச் சொல்லவில்லை. பல்லடம், சோமனூர், வெள்ளகோவில் வட்டாரத் தறிக்குடோன்களில் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறி நிற்கும் எவருக்கும் இது பொருந்தும். பொள்ளாச்சியில் தேங்காய் உரிப்பவருக்கும், திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போய் வருபவருக்கும் பொருந்தும். மூன்று வருடம் முன்பு முகாமில் பார்த்தபோது பிரஷர் 170 இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 130. "நார்மல் ஆயிருச்சுங்க" என்று நிறுத்திவிட்டார். அந்த 130 மாத்திரை போட்டதால் வந்த 130 என்று அவருக்கு உட்காரவைத்துச் சொல்ல எவருக்கும் நேரம் இருக்கவில்லை. என் கணிப்பில், இந்தக் கட்டி உருவாவதில் உப்பு, புகை, தூக்கமின்மை எல்லாவற்றையும்விட இந்த நிறுத்தலுக்குத்தான் பெரிய பங்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் தன்னார்வலரும் வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவருகிறார்கள். மூளை அறுவை நிபுணருக்குத் தெரியாமலே அவருடைய வேலையைக் குறைக்கும் திட்டம் அது.

ஒரு சாயங்காலம் கிளை உடைகிறது.

தமனியின் அழுத்தத்தோடு வெளியே பாயும் ரத்தம் சிறுமூளையின் திசுவைப் பிளந்துகொண்டு இடம் பிடிக்கிறது. பின்மண்டையில் வலி. கூரையும் சுவரும் சுழல்கின்றன. குபுக்கென்று வாந்தி, ஒன்றன்பின் ஒன்றாக. கை நன்றாக இருக்கிறது, கால் நன்றாக இருக்கிறது, வாய் கோணவில்லை. பக்கவாதம் என்றால் கை கால் விழும் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். இங்கே விழவில்லை. அதனால் வீட்டில் அந்தச் சொல்லே எவருக்கும் தோன்றுவதில்லை.

"பித்தம் ஏறிருச்சுங்க. மத்தியானம் வெயில்ல போனீங்கல்ல" என்கிறார் மனைவி. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்கிறார். அதுவும் வெளியே வருகிறது. "செத்த படுங்க, சரியாப் போயிரும்."

அந்த வீட்டில் ஒரே ஒருவர் ஒரே ஒரு காரியம் செய்திருந்தால் போதும்: அவரை எழுப்பி நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். சாதாரணத் தலைசுற்றல்காரர் சுவரைப் பிடித்தாவது நிற்பார், தடுமாறியாவது குளியலறைக்குப் போவார். சிறுமூளையில் ரத்தம் கசிந்தவரால் பல சமயம் நிற்கவே முடியாது. படுத்த இடத்தில் காலை உதைக்கச் சொன்னால் பலமாக உதைப்பார்; எழுந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவார். தசையில் பலம் இருக்கிறது, அதை ஒழுங்குபடுத்தும் உறுப்புதான் அடிபட்டிருக்கிறது. மூளையின் மொத்தப் பருமனில் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அதற்குள்தான் இருக்கின்றன. நிற்பது, திரும்புவது, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவது, கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்துவது, வார்த்தையைச் சீராக உச்சரிப்பது எல்லாம் அதன் கணக்கில் நடப்பவை.

இந்த அடையாளங்களை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது போர்க்களத்தில். முதல் உலகப் போரில் பின்மண்டையில் குண்டடி பட்டுவந்த படைவீரர்களைப் பரிசோதித்து, கை நடுக்கம், இலக்குத் தவறுதல், தள்ளாட்டம் ஆகியவற்றை விரிவாகப் பதிவு செய்தவர் கார்டன் ஹோம்ஸ் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர். வலப்பக்கச் சிறுமூளை அடிபட்டால் வலக்கையே தடுமாறும், பெருமூளைபோல எதிர்ப்பக்கம் மாறாது என்பதை அந்த வீரர்களிடம் தெளிவாகக் காண முடிந்தது. சிறுமூளை ரத்தக்கசிவை நோயாளியின் படுக்கை அருகிலேயே கண்டுபிடித்து உடனே அறுவை செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொன்ன கட்டுரை 1965இல் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்த மில்லர் ஃபிஷரும் அவருடைய சகாக்களும் எழுதியது. தலைக்குள் பார்க்க ஸ்கேன் இல்லாத காலம். நோயாளி நிற்கிறாரா, கண் எந்தப் பக்கம் திரும்ப மறுக்கிறது, முகத்தில் தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து மண்டையைத் திறக்க முடிவு செய்தார்கள். அந்த நாளில் கொங்கு நாட்டில் ஒருவருக்கு இப்படி ஆகியிருந்தால் போகும் இடமும் தொலைவு. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார்; சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இல் தொடங்கினார். கோவை மருத்துவக் கல்லூரியே 1966இல்தான் வந்தது. ரயிலேறி வேலூருக்கோ சென்னைக்கோ போய்ச் சேரும்வரை இந்தக் கட்டி யாருக்கும் காத்திருக்காது.

இப்போது ராத்திரி ஒன்பது மணி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏறுகிறது. வாந்திக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். நோயாளி தூங்குகிறார். இந்தத் தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் போடும் ஊசிகளில் சில தூக்கம் வரவைப்பவைதான். "ஊசி போட்டாங்க, நல்லாத் தூங்கறாரு, எழுப்ப வேண்டாம்" என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். அதே நேரத்தில் உள்ளே நடப்பது வேறு. மூளையின் அறைகளில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்டுவட நீர் சுரக்கிறது. அது வெளியேறும் வழி சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவில் இருக்கும் நான்காம் அறை. கட்டி வளர்ந்து அந்த அறையை நசுக்கினால் வழி அடைபட்டு, மேலே உள்ள அறைகள் நீரால் வீங்குகின்றன. மறுபக்கம், மூச்சையும் நினைவையும் நடத்தும் மூளைத்தண்டே நேராக அழுத்தப்படுகிறது. பின்மண்டைக் குழி சின்னது, சுற்றிலும் எலும்பு; விரிய இடமில்லை. அதனால் ஒரு மணி நேரம் முன்பு பேசிக்கொண்டிருந்தவர் இப்போது தட்டினால் மட்டும் கண் திறக்கிறார். அடுத்த மணியில் அதுவும் இல்லாமல் போகலாம். வாந்தி எடுத்துக் களைத்துத் தூங்குபவரை அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பேசவைக்க வேண்டும். பேச்சு குழறினால், எழுப்பச் சிரமப்பட்டால் அது தூக்கம் அல்ல.

நெஞ்சுவலிக்கு வைத்திருக்கும் ஆஸ்பிரினை "எதற்கும் இருக்கட்டும்" என்று வாயில் போடுவதும் சில வீடுகளில் உண்டு. ஸ்கேன் எடுக்கும்வரை அதைத் தொடவே கூடாது. கசியும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆஸ்பிரினின் வேலை.

வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம், பல்லடம், சூலூர், சிங்காநல்லூர் என்று திருச்சி ரோடு நேராக கோவை அரசு மருத்துவமனை வாசல்வரை வருகிறது. 80 கிலோமீட்டருக்கு மேல். 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆக்சிஜனும் பயிற்சி பெற்றவரும் அந்த வண்டியில் இருப்பார்கள். நினைவு குறைந்து வாந்தி எடுப்பவரைச் சொந்தக்காரர் காரின் பின் இருக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்து வந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும், மூளையைக் காப்பாற்றினாலும் நிமோனியா பிடித்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்கவைப்பது இந்தப் பயணத்தில் எவரும் செய்யக்கூடிய சிகிச்சை. வால்பாறையிலிருந்து வருபவர் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும். தாளவாடிக்காரர் திம்பம் மலையில் இருபத்தேழு வளைவுகளை. அவர்களுக்கு நேரக் கணக்கே வேறு. ஆகவே முதல் கேள்வி "எந்த ஆஸ்பத்திரி பெரியது" என்பதாக இருக்கக் கூடாது. ராத்திரியில் சி.டி. ஸ்கேனும் நரம்பு அறுவை நிபுணரும் ஒரே கட்டடத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஸ்கேன் ஓரிடம், ரிப்போர்ட் ஓரிடம், அறுவை ஓரிடம் என்று அலைந்தால் கட்டிக்கு வளர நேரம் கொடுக்கிறோம். கசிந்த முதல் சில மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கட்டி பெரிதாகிறது.

ஸ்கேன் அறையில் கட்டி முதன்முதலாக வெளி உலகத்துக்குத் தெரிகிறது. 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு நோயாளியின் தலையை இப்படி முதன்முதலில் எடுத்தார்கள். கருவியை வடிவமைத்தவர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. இசைத்தட்டுகளுக்குப் பெயர்போன ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். 1979இல் ஆலன் கார்மக்கோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அவர் பெயரிலேயே அளவுகோல் இருக்கிறது: தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, புதிதாக உறைந்த ரத்தம் 60 முதல் 80. மூளைத் திசு அதைவிடக் குறைவு. அதனால்தான் சாம்பல் நிறச் சிறுமூளைக்குள் கட்டி பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது. பயிற்சி மருத்துவர்கூடத் தவறவிட மாட்டார். ஒரு விதிவிலக்கு உண்டு: ஹீமோகுளோபின் மிகக் குறைந்தவருக்கு, 8 கிராமுக்கும் கீழே போனவருக்கு, புது ரத்தமும் சாம்பலாகவே தெரியலாம். ரத்தசோகை மலிந்த நம் ஊரில் படம் பார்ப்பவர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று: ஸ்கேனில் வெள்ளை இல்லை என்பதால் நிற்க முடியாதவரை வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது. சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் முதல் மணிகளில் சி.டி.யில் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

கட்டியை அளக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுத்தால் மில்லிலிட்டர் கிடைக்கும். 3 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை என்றால் மனக்கணக்காகவே வரும்: இருபத்தேழில் பாதி, 13.5. 1978இல் சி.டி. படங்களை வைத்து எழுதிய மருத்துவர்கள் 3 சென்டிமீட்டரை எல்லையாகக் கண்டார்கள். அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி 15 மில்லியை எல்லையாக வைத்தது. நாற்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு வழியாகப் போய் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். 15 மில்லி என்பது மூன்று டீஸ்பூன். இருமல் மருந்தின் மூடியில் ஒரு வேளைக்கு ஊற்றும் அளவு. பெருமூளையில் அவ்வளவு ரத்தம் கசிந்த எத்தனையோ பேர் மருந்தோடு பிழைத்துக்கொள்கிறார்கள். பின்மண்டைக் குழியில் அது உயிரை எடுக்கும்.

அறுவையைப் பற்றிப் பேசுவதற்குள் வேறு வேலைகள் ஓட வேண்டும். ரத்த அழுத்தத்தை ஊசி வழியாக ஒரு மணி நேரத்துக்குள் 140க்குப் பக்கத்தில் இறக்குவது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது. காய்ச்சலைக் குறைப்பது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்த்து, வைட்டமின் கே ஊசியும் உறைகாரணிகளும் கொடுத்து ரத்தம் உறையும் தன்மையை மீட்பது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னக் காரியங்கள். இவற்றை ஒரே கட்டாக, தாமதமின்றிச் செய்தால் என்ன ஆகும் என்று பத்து நாடுகளில் 7,036 நோயாளிகளிடம் பார்த்தார்கள். இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. 2023இல் முடிவு வந்தது: ஊனமும் மரணமும் குறைந்தன. புதுக் கருவி எதுவும் தேவைப்படாத முன்னேற்றம் இது, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே தொடங்கலாம். மூளை ரத்தக்கசிவுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு அந்த ஆய்வைத்தான் காட்ட வேண்டும்.

பிறகு முடிவு. கட்டி 15 மில்லி அல்லது அதற்கு மேல், அல்லது மூளைத்தண்டு நசுங்குகிறது, நீர் அடைத்திருக்கிறது, நினைவு மங்கிக்கொண்டே போகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே திறந்து எடுக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. நெற்றிப் பக்கம் ஒரு குழாய் போட்டு நீரை மட்டும் வடித்துவிட்டுக் காத்திருப்பது போதாது. கட்டி இருந்த இடத்திலேயே இருந்து தண்டை அழுத்தும், மேலே அழுத்தம் குறைந்ததால் சிறுமூளை மேல்நோக்கிப் பிதுங்கவும்கூடும். ஆனால் எல்லாக் கட்டியையும் எடுப்பதும் சரியல்ல. 2019இல் வந்த ஓர் ஆய்வு சிறுமூளை ரத்தக்கசிவு உள்ள 578 பேரின் பதிவுகளை அலசியது. 15 மில்லிக்கு மேல் அறுவை உயிரைக் காப்பாற்றியது. 12 மில்லிக்குக் கீழே அறுவை செய்தவர்கள் செய்யாதவர்களைவிட மோசமாகத் தேறினார்கள். உயிர் பிழைப்பதும் தன் காலில் நடப்பதும் இரண்டு வேறு கணக்குகள் என்பதையும் அந்த ஆய்வு மறைக்காமல் சொன்னது. பதினோரு மில்லிக் கட்டியோடு விழித்திருக்கும் நோயாளியைக் கண்காணிப்பில் வைத்து மணிக்கு மணி பார்ப்பதற்கும் அறுவை செய்யும் துணிவுக்குச் சமமான துணிவு வேண்டும்.

நம் தறிக்காரரின் கட்டி 22 மில்லி. கையெழுத்து வேண்டும். இங்கே கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு தாமதம் வருகிறது. "மாப்பிள்ளை திருப்பூர்ல இருந்து கிளம்பிட்டாருங்க, பெரியப்பா வந்து ஒரு வார்த்தை கேட்டுக்கறங்க." குடும்பம் கூடி முடிவெடுப்பதில் இருக்கும் பொறுப்பும் பாசமும் உண்மையானவை, மருத்துவமனைச் செலவைப் பங்கு போட்டுக்கொள்பவர்களும் அவர்களேதான். அதனால் இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்த ஒரு நோயில் மட்டும் அந்தக் கூட்டத்தைப் போனிலேயே நடத்த வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை கிடைக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் பேச்சு பாதியாகக் குறையும்.

அறுவை மேசையில் அவரைக் குப்புறவோ ஒருக்களித்தோ கிடத்துகிறார்கள். பிடரியின் நடுவில் கீறி, தசைகளை விலக்கி, பின்மண்டை எலும்பில் ஒரு பகுதியை எடுக்கிறார்கள். மேலே குறுக்காக ஓடும் பெரிய சிரைக் கால்வாயைத் தொட்டுவிடக் கூடாது. உறையைத் திறந்ததும் உள்ளிருக்கும் அழுத்தத்தால் சிறுமூளை புடைத்து வரப் பார்க்கும். கீழேயுள்ள தேக்கத்திலிருந்து தண்டுவட நீரை வடியவிட்டால் தணியும். கட்டிக்கு மிக அருகில் இருக்கும் மேற்பரப்பில் சின்னக் கீறல். சற்றுக் கீழே போனதும் கருஞ்சிவப்பாகக் கட்டி தெரிகிறது, பாதி தானாகவே வெளியே வருகிறது. மீதியை உறிஞ்சுகுழாயால் மெதுவாக எடுக்கிறார்கள். நான்காம் அறையை ஒட்டிய ஓரத்தில் துளி மிச்சமிருந்தால் விட்டுவிடுவார் அனுபவமுள்ளவர். அதற்கு அப்பால் மூளைத்தண்டு. குழியின் சுவரில் கசியும் புள்ளிகளை மின்முனையால் சுட்டு அடைக்கிறார்கள். நோயாளி இளவயதுக்காரராகவோ உயர் ரத்த அழுத்தம் இல்லாதவராகவோ இருந்தால் சுவரிலிருந்து ஒரு துண்டு பரிசோதனைக்குப் போகும்: உள்ளே பிறவி ரத்தக்குழாய்ச் சிக்கலோ வேறு உறுப்பிலிருந்து வந்த புற்றோ ஒளிந்திருக்கலாம்.

எடுக்கப்படாத சிறிய கட்டிக்கு வேறு வாழ்க்கை. ஓரத்திலிருந்து கரையத் தொடங்கும். சிவப்பணுக்கள் உடைந்து, துப்புரவு செல்கள் அவற்றை விழுங்கி, ஸ்கேனில் வெள்ளை நாளுக்கு நாள் மங்கும். சில வாரங்களில் மூளையின் நிறத்தோடு கலந்துவிடும். பிறகு அங்கே ஒரு மெல்லிய பிளவு மட்டும்.

மனிதர் தேறுவது மெதுவாக. முதலில் விழுங்கத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே வாய் வழியாகக் கஞ்சி. உட்காரவைத்தால் சாய்வார்; பிறகு சாயாமல் உட்காருவார். தரையில் பாத அளவுக்குக் குறியிட்டு, ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்து வைக்கச் சொல்லும் பயிற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஃப்ரெங்கல் வகுத்தது. இன்றும் கோவையின் பிசியோதெரபி அறைகளில் அதையே செய்கிறார்கள். மூளைத்தண்டு நசுங்காமல் தப்பியிருந்தால் மாதங்களில் பலர் எழுந்து நடக்கிறார்கள். "டிவிஎஸ் பிப்டி எப்பங்க ஓட்டலாம்?" என்று கேட்கும் நாள் வரும். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட்டபடி தள்ளாடாமல் நடந்து காட்டிய பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம்.

கட்டியின் கடைசி உருவம் இரும்பு. உடைந்த ஹீமோகுளோபினின் இரும்பு ஹீமோசிடரினாகப் படிந்து, குழியின் ஓரத்தில் வாழ்நாள் முழுக்க இருக்கும். சி.டி.யில் தெரியாது; எம்.ஆர்.ஐ.யின் குறிப்பிட்ட வரிசையில் கறுப்பாகத் தெரியும். ஐந்து வருடம் கழித்து அதே மனிதர் நெஞ்சுவலியென்று வேறோர் ஊரில் வேறொரு மருத்துவரிடம் போகும்போது அந்தக் கறைக்கு வேலை வருகிறது. ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை கொடுப்பார்கள். உலோக வால்வு என்றால் அசிட்ரோமை நிறுத்தவே முடியாது. எவ்வளவு, எத்தனை மாதம், அழுத்தத்தை 130க்குக் கீழே வைத்திருக்க என்ன மாத்திரை என்பதையெல்லாம் இதய மருத்துவரும் நரம்பு மருத்துவரும் அந்தக் கறுப்புக் கறையையும், அதைச் சுற்றி வேறு நுண்ணிய கறைகள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்தே சேர்ந்து முடிவு செய்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் படங்களையும் பத்திரமாக வைத்து, பேச்சைத் தொடங்கும் முன்பே மேசைமேல் எடுத்து வைக்க வேண்டியவர் உடன் போகிறவர்.